மஞ்சள் அக்காவை யாரும் கேட்பதில்லை

கம்பி வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே வரிசையாக நிற்கும் ஐந்து சின்ன விமானங்களையும் ஒவ்வொன்றாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தார் மஞ்சள் அக்கா. கைப்பேசியை மறைத்துப் பிடிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை. நெஞ்சுக்கு நேராக, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு படத்துக்கும் கைப்பேசி சத்தமாக 'க்ளிக்' என்றது. காலை பத்து மணி வெயிலில் ஃப்ளாஷ் வேறு மின்னியது. உள்ளே ஒரு விமானத்துக்கு எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா அவரையும் ஒரு படம் எடுத்தார். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "இன்னொண்ணு எடுங்க, கண்ண மூடிட்டேன்" என்றார்.

அக்கா இன்னொன்று எடுத்தார். பிறகு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்: பத்து மணி நாலு நிமிடம், வேலியோரம், ஒருவர் பார்த்தார், கேட்கவில்லை.

விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் வருடத்துக்கு ஒரு முறை பாதுகாப்பு விழிப்புணர்வுப் பயிற்சியில் உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் என்றால் அறுபது நாளுக்குள். காய்ச்சல், கல்யாணம் எதுவும் செல்லாது, கட்டாயம். இருபத்திரண்டு பக்கப் புத்தகம் ஒன்று, இருபது கேள்வி, கடைசியில் ஒரு சான்றிதழ். விமானத்தைச் சுற்றி வரும் ஆட்களில் யார் மேல் சந்தேகப்பட வேண்டும், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் பாடம். வகுப்பெடுப்பவருக்குத் தலைமை அலுவலகத்தில் 'ஸ்லைடு' என்று பெயர். திரையில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். திரை அணைந்தால் அவரும் அணைந்துவிடுவார்.

வகுப்பு முடிந்து ஒரு மாதமோ மூன்று மாதமோ கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் அக்கா போவார். புத்தகத்தின் பதினாலாம் பக்கத்தில், 'இப்படிப்பட்டவரைக் கண்டால்' என்று ஒரு பட்டியல் இருக்கிறதே, அந்த இப்படிப்பட்டவர் அக்காதான்.

வேலை சுலபம். விமானங்கள் நிற்கும் தளத்தைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். அதைத் தாண்டி உள்ளே போக வேண்டும். யாராவது அவரை நிறுத்தி, யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள், யார் உங்களை உள்ளே விட்டது என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைக் கேட்டு, பதிலுக்கு நின்று, அலுவலகம்வரை கூட்டிக்கொண்டு போனால் பள்ளிக்கு வெற்றி. அக்கா கைப்பையிலிருந்து அடையாள அட்டையைக் காட்டி, ஒரு சின்னச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார். யாரும் கேட்கவில்லை என்றால், ஒரு மணி நேரம் முடிவதற்குள், ஏதாவதொரு விமானத்தின் கதவில் வட்டமான மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை ஒட்ட வேண்டும். 'தடுக்கப்படவில்லை' என்று அதில் அச்சடித்திருக்கும். பெயர் வந்தது அப்படித்தான்; சமையலறைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பதினோரு வருடத்தில் இருநூற்றுப் பதினாலு பள்ளிக்குப் போயிருக்கிறார். தடுக்கப்பட்டது முப்பத்தொரு முறை.

காரணம் அக்காவின் முகம். பார்த்தவர்கள் எல்லோருக்கும் எங்கேயோ பார்த்த முகமாகத் தெரியும்; பார்த்து முடித்தவர் ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போன மறுநாள் ஒரு பள்ளியில் விசாரணை நடந்தது. "ஒரு அம்மா வந்தாங்க சார்" என்றார் அங்கிருந்த பயிற்சி ஆசிரியர். என்ன வயது என்று கேட்டார்கள். "அம்மா வயசு." என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, "ஏதோ உடுத்தியிருந்தாங்க சார், அது நிச்சயம்" என்று எழுதிக் கொடுத்தார். இரவு பகலாக ஆகாயத்தில் இன்னொரு விமானம் வருகிறதா என்று பார்த்துப் பழகிய கண் அது.

பள்ளிகளுக்குள் வேறு மாதிரிப் பேச்சு. மஞ்சள் ஆள் என்று ஒருவன் சுற்றுகிறான், ஆறடி உயரம், கறுப்புக் கண்ணாடி, முன்னாள் போலீஸ் என்று ஒருவருக்கொருவர் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆறடிக்குக் குறைந்த யாரையும் யாரும் பொருட்படுத்துவதில்லை. அக்காவுக்கு அது வசதி.

அவருடைய முக்கியமான ஆயுதம் ஒரு காலி அட்டைப்பெட்டி. ஒரு கையில் தூக்கக்கூடிய பெட்டி உதவாது; இரண்டு கையும் தேவைப்படுகிற பெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு கையிலும் பெட்டியோடு ஒரு அம்மா பூட்டிய கதவின் முன்னால் நின்றால், சாவி வைத்திருப்பவர் எங்கிருந்தாலும் ஓடி வந்து திறந்துவிடுவார். கதவைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, படி இருக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியரே பெட்டியை வாங்கித் தூக்கிக்கொண்டு வந்து, "எங்க வைக்கணும்?" என்று கேட்டு, அக்கா காட்டிய விமானத்துக்குள் வைத்துவிட்டுப் போனார். அந்தப் பள்ளியின் அறிக்கை மட்டும் ஆறு பக்கம்.

பொய் சொல்லக் கூடாது என்பது வேலையின் விதி. அக்காவின் விதியும் அதுவே. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், "யாரையும் இல்ல, விமானத்தத்தான்" என்பார். "பாருங்க பாருங்க" என்று வழிவிடுவார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்றால், "வெளியிலருந்து" என்பார். அதற்கும் தலையாட்டுவார்கள். உண்மை சொல்லி மாட்டிக்கொள்ளலாம் என்று அக்கா எத்தனையோ முறை முயன்று பார்த்துவிட்டார். நடந்ததில்லை.

அதனாலேயே தடுத்தவர்கள் மேல் அவருக்கு ஒரு தனிப் பாசம். முப்பத்தொரு சீட்டின் நகலையும் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருக்கிறார். ஒரு பெண் பயிற்சி ஆசிரியர் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போய், சுவரைப் பார்த்தபடி உட்கார வைத்து, அட்டையைக் காட்டிய பிறகும் நம்பாமல் இரண்டு மணி நேரம் போலீஸுக்குக் காத்திருக்க வைத்ததை ஸ்லைடிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்.

"என்ன பொண்ணு தெரியுமா. குடிக்கத் தண்ணி கேட்டேன். அதுகூடக் குடுக்கல."

"பத்தாவது ஸ்லைடு" என்பார் ஸ்லைடு. "அத அப்படியே பண்ணியிருக்காங்க."

வீட்டில் இதெல்லாம் தெரியாது. தெரியக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். விமானத் துறை அலுவலகத்தில் ஃபைல் பார்க்கிற வேலை என்பதுதான் வீட்டுக்காரருக்கு உள்ள தகவல். அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைவீதியில் பாதிப் பேருக்குப் பார்வை சரிசெய்து கொடுத்தவர், தன் மனைவி மாதத்தில் பத்து நாள் காலி அட்டைப்பெட்டியோடு வீட்டை விட்டுப் போவதைப் பார்த்ததில்லை. "இன்னிக்கு ஆபீஸ்ல என்ன?" என்பார் சாயங்காலம். "ஒண்ணும் இல்ல. யாரும் எதுவும் கேக்கல" என்பார் அக்கா. "நல்லதாப் போச்சு" என்பார்.

வீட்டில் அக்கா கேட்கிற கட்சி. மகளைப் பெண் பார்க்க வந்தபோது, பையன் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர் என்று தெரிந்ததும், மற்றவர்கள் பலகாரத்தை எடுத்து நீட்ட, அக்கா மட்டும் நேராக உட்கார்ந்து லைசென்ஸ் நம்பரைக் கேட்டார். எப்போது காலாவதியாகிறது. கடைசி மருத்துவச் சோதனை எந்தத் தேதி. வருடாந்திரப் பயிற்சி முடித்தாயிற்றா, சான்றிதழ் கையில் இருக்கிறதா. பையன் எழுந்து நின்று எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். சான்றிதழைப் பர்ஸில் மடித்து வைத்திருந்தார், எடுத்துக் காட்டினார். அன்று விழுந்த பழக்கம். அத்தை ஒன்று கேட்டால் ஏன் என்று கேட்காமல் பதில் சொல்லிவிடுவது என்று அவர் முடிவு செய்துகொண்டார். மூன்று வருடமாக அதில் மாற்றம் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வருடம் அவர் ஒரு ஊரில், மகள் ஒரு ஊரில். மகளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, விட முடியாது. அவருடைய பள்ளி ரயிலில் ஒரு ராத்திரியும் அரைப் பகலும் தள்ளி. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொண்டார்கள். போன மாதம் மகள் ஃபோனில், "அவருக்கு இங்க பக்கத்துலயே வேலை கிடைச்சிருச்சும்மா, ஆறு மாசம் சோதனைக் காலமாம், அப்புறம் நிரந்தரமாம்" என்று அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவும் அழுதார். எந்தப் பள்ளி என்று கேட்கத் தோன்றவில்லை. பதினோரு வருடத்தில் அக்கா கேட்காமல் விட்ட ஒரே கேள்வி அது.

அன்று காலை உறையில் வந்த தாளில் வழக்கம்போலப் பள்ளியின் எண்ணும் விலாசமும்தான் இருந்தன. கூடவே ஒரு குறிப்பு: நாலு மாதத்துக்கு முன்பு வேறொரு சோதனையாளர் போய் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வந்த பள்ளி. ஒரே வருடத்தில் இரண்டாவது முறை ஒட்டப்பட்டால், அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்த பயிற்சி ஆசிரியர் தொண்ணூறு நாளுக்கு யாருக்கும் கற்றுக்கொடுக்கக் கூடாது.

எரிபொருள் நிரப்புபவரைப் படம் எடுத்து முடித்து, அக்கா பெட்டியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு பக்கவாட்டுக் கதவுக்குப் போனார். உள்ளிருந்து வந்த ஒரு மாணவர் கதவைப் பிடித்துக்கொண்டார். அக்கா நன்றி சொல்லி, நேராக நடந்து, சிவப்புக் கோட்டைத் தாண்டினார். பத்து மணி பதினோரு நிமிடம்.

மூன்றாவது விமானத்தின் இறக்கைக்கு அடியில் குத்த வைத்து ஒருவர் சக்கரத்துக்குக் காற்று பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பி, கறுப்புக் கண்ணாடி. எழுந்து கண்ணாடியைக் கழற்றினார்.

"அத்தை?"

அக்கா நின்றார்.

"வாங்க வாங்க. என்ன இவ்ளோ தூரம்? குடுங்க, பெட்டியக் குடுங்க."

என்ன இவ்வளவு தூரம் என்பது, நியாயமாகப் பார்த்தால், எதற்கு வந்தீர்கள் என்பதுதான். அக்காவுக்கு ஒரு கணம் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆனால் கேட்டவர் பதிலுக்கு நிற்க வேண்டும், மாப்பிள்ளை நிற்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு நிழலைத் தேடிப் போய்விட்டார்.

"லேசா இருக்கே" என்றார்.

"காலிப் பெட்டி" என்றார் அக்கா, ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக.

"சரிங்க அத்தை." இறக்கையின் நிழலில் பத்திரமாக வைத்தார். "வெயில்ல நிக்காதீங்க. சாப்டீங்களா? மாமா எப்படி இருக்காரு? முட்டிவலி பரவால்லயா? பஸ்ல உக்கார எடம் கெடச்சுதா? வீட்டுக்குப் போனீங்களா, அவ எந்திரிச்சிருந்தாளா?"

ஐந்து கேள்வி. ஐந்தும் நல்ல கேள்வி.

கோட்டைத் தாண்டிய பிறகு சோதனையைப் பாதியில் விட முடியாது. முன்பெல்லாம் சிநேகிதர்களைக் கண்டதும் சோதனையாளர்கள் திரும்பி வந்துவிடுவார்கள் என்பதால் போட்ட விதி. இப்போது இரண்டு வழிதான். மாப்பிள்ளை கேட்டுவிட்டால் ஒரு சின்னச் சீட்டு. தடுத்தவர் உறவா என்று அதில் யாரும் கேட்பதில்லை. கேட்காவிட்டால் நாலு பக்கப் படிவம். அதன் கடைசிப் பக்கத்தில், சோதிக்கப்பட்டவர் உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு வரி உண்டு. அந்த வரியில் உறவைக் குறித்தால் சோதனை செல்லாது. மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சொந்தக்காரர் எங்கே வேலை பார்க்கிறார் என்று முன்னாலேயே தெரிந்து சொல்ல வேண்டியது சோதனையாளரின் பொறுப்பு. தவறினால் அவரை மறுபடி வெளியே அனுப்ப மாட்டார்கள். ஓய்வு பெறும்வரை அலுவலகத்தில் நாற்காலி. உறவு இல்லை என்று அந்த வரியில் வெறும் கோடு போட்டுவிட்டால் அக்காவுக்கு ஒன்றும் ஆகாது. மாப்பிள்ளையின் வீட்டுப் பெயரும் அக்காவின் வீட்டுப் பெயரும் வேறு. யாருக்கும் தெரியப் போவதில்லை.

ஆகவே அக்கா, தன் வாழ்நாளில் இதுவரை காட்டாத அளவுக்குச் சந்தேகத்துக்குரியவராக நடந்துகொள்ளத் தீர்மானித்தார்.

முதலில் விமானத்தைச் சுற்றி வந்து எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். மாப்பிள்ளை ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று, "என்னையும் சேத்து ஒண்ணு எடுங்க, அவளுக்கு அனுப்பலாம்" என்றார்.

"இதோட சாவி உள்ளயே இருக்குமா மாப்ள?"

"இருக்கக் கூடாது அத்தை." கொஞ்சம் தயங்கினார். "ஆனா இருக்கும்."

"எந்த நேரத்துல இங்க ஆளே இருக்க மாட்டாங்க?"

"ஒரு மணிலருந்து ஒண்ணே முக்கா. எல்லாரும் சாப்பிடப் போயிருவோம்."

"வேலில எங்கயாவது ஓட்ட இருக்கா?"

"பின்னால, தண்ணித் தொட்டிகிட்ட. நாய் வந்து போகும். காட்டட்டுமா?"

அக்கா பதினாலாம் பக்கத்துப் பட்டியலை மனசுக்குள் வரிசையாகக் கழித்துக்கொண்டே வந்தார். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்டால் கல்லும் எழுந்து அலுவலகத்துக்கு ஓடும் என்று ஸ்லைடே சொல்லியிருக்கிறார்.

"மாப்ள, எனக்கு இத ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா? ஏத்தறது மட்டும் சொல்லிக் குடுத்தா போதும். எறக்கறதெல்லாம் வேணாம்."

மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. மூன்று வருடத்தில் அத்தை அவரிடம் சான்றிதழ் கேட்டிருக்கிறார், தேதி கேட்டிருக்கிறார். இப்படி ஆசையாக ஒன்று கேட்டதில்லை.

"எறக்கறதுக்குத்தான் நான் இருக்கேன்ல அத்தை" என்றார்.

கதவைத் திறந்து, கையைக் கொடுத்து ஏற்றி, ஆசிரியர் உட்காரும் இடத்திலேயே உட்கார வைத்தார். தோள்பட்டையில் உறுத்தாதபடி பெல்ட்டைத் தளர்த்திப் போட்டுவிட்டார். இது வேகம் காட்டுவது, இது உயரம், இது எரிபொருள் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். நல்ல ஆசிரியர் என்று அக்காவுக்குத் தெரிந்தது. கேட்டதற்கு மட்டும் பதில், கேட்காததற்கு ஒரு சிரிப்பு. மகள் ஏன் இவரைக் கட்டிக்கொண்டாள் என்பது மூன்று வருடம் கழித்து, பெல்ட் போட்ட நிலையில், அக்காவுக்குப் புரிந்தது. அது நிலைமையை எந்த விதத்திலும் மேம்படுத்தவில்லை.

மணி பத்து நாற்பது.

"தெரியாத ஆள் யாராச்சும் உள்ள வந்தா கேக்க மாட்டீங்களா?" என்றார். இதற்கு மேல் சொன்னால் விதிமீறல்.

"கேக்காம இருப்போமா. போன வாரம் கூரியர்காரர ஒரு மணி நேரம் வெளியவே நிக்க வெச்சேன்." குரலைத் தாழ்த்தினார். "மஞ்சள் ஆள்னு ஒருத்தன் சுத்துறான் அத்தை. ஆறடி இருப்பானாம். ஏற்கெனவே ஒரு தடவ இங்க ஒட்டிட்டுப் போயிட்டான். மறுபடி ஒட்டினான்னா மத்தவங்களுக்குத் தொண்ணூறு நாள். எனக்கு அதுவும் இல்ல. சோதனைக் காலம் பாருங்க, நேரா வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அப்புறம் மறுபடி பழைய எடம், மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கெழம."

"அப்ப ஜாக்கிரதையா இருங்க."

"இருக்கேன் அத்தை" என்று சொல்லி, அக்காவின் தலைக்கு மேலாக எட்டி, வேலி நெடுக ஒரு முறை கூர்ந்து பார்த்துக்கொண்டார்.

பதினோரு மணிக்கு அவருக்கு ஒரு மாணவர். அதே விமானம். பத்து ஐம்பதுக்கு அக்கா இறங்கினார். இனி நேரம் இல்லை. கதவருகே நின்று கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். நூற்று எண்பத்து மூன்று முறை கண்ணிமைக்கும் நேரத்தில் உரித்து ஒட்டிய விரல்கள். அன்றைக்குப் பின்தாள் பிரிந்துவரவே இல்லை. ஓரத்தைச் சுரண்டினார். திருப்பிச் சுரண்டினார்.

"குடுங்க அத்தை, எனக்கு நகம் இருக்கு" என்று மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். ஓரத்தைப் பக்குவமாகக் கிளப்பி, கசங்காமல் உரித்தெடுத்தார். "எங்க ஒட்டணும்?"

அக்கா கதவைக் காட்டினார்.

அவர் ஒட்டினார். குமிழி இல்லாமல் கட்டைவிரலால் நீவியும் விட்டார். அப்புறம்தான் படித்தார்.

கட்டைவிரல் இன்னும் ஸ்டிக்கர் மேலேயே இருந்தது.

"அத்தை."

"ம்."

"ஆறடின்னாங்க."

"செருப்போட அஞ்சடி ரெண்டு."

கைப்பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மாப்பிள்ளை அதை வாங்கி, புத்தகத்தில் சொன்னபடியே, முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, பின்பக்க முத்திரையையும் சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். முப்பத்தொன்பது நிமிடம் பிந்திவிட்டது. மற்றபடி குறை சொல்ல இடமில்லை.

"கேட்டிருக்கலாமே மாப்ள. எவ்ளோ நேரம் குடுத்தேன்."

"உங்கள எப்படி அத்தை கேக்கறது?"

"பத்தொம்பதாம் பக்கத்துல போட்டிருக்கு."

"படிச்சேன். தெரிஞ்சவங்களா இருந்தாலும் கேக்கணும்னு போட்டிருக்கு. மாமியாரப் பத்தி ஒண்ணும் போடல."

அட்டைப்பெட்டியை நிழலிலேயே கவிழ்த்துப் போட்டு, அதையே மேசையாக்கி, அக்கா படிவத்தை விரித்தார். பள்ளி எண், தேதி, நுழைந்த நேரம். மூன்றாம் பக்கத்தில் மூன்று கட்டம்: பார்க்கவில்லை, பார்த்தும் கேட்கவில்லை, உதவி செய்தார். மூன்றாவது கட்டத்தில் குறியிட்டு, பக்கத்தில், 'ஸ்டிக்கரை ஒட்டியவரும் அவரே' என்று எழுதினார். உள்ளதை எழுத வேண்டும். பிறகு படிவத்தையும் பேனாவையும் மாப்பிள்ளையிடம் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

அவர் நேராகக் கையெழுத்து இடத்துக்குப் போனார்.

"படிச்சுட்டுப் போடுங்க" என்றார் அக்கா.

அவர் இறக்கைக்கு அடியில் சப்பணமிட்டு உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். நாலாம் பக்கத்துக்கு வந்ததும் மெதுவானார். உறவைக் கேட்கும் வரி இன்னும் காலியாக இருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததை வாய்விட்டுப் படித்தார். சோதனை செல்லாது என்பதுவரை ஒரு குரல். சோதனையாளர் களப்பணியிலிருந்து நிரந்தரமாக விலக்கப்படுவார் என்பதற்கு வேறு குரல்.

"இதுல கோடு போட்டுருங்க அத்தை."

"ஏன்?"

"யாருக்குத் தெரியப் போகுது."

"எனக்குத் தெரியும்."

"ரெண்டு வருஷம் அங்க ஓட்டலையா. இன்னும் கொஞ்ச நாள். வேற எடம் பாத்துக்குவேன்."

"அவ?"

சிவப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பதினோரு மணி மாணவர் வந்து நின்று கையை ஆட்டினார். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே, "யாரு? அட்டையக் காட்டிட்டு வாங்க" என்று சத்தமாகச் சொன்னார். தினம் பார்க்கிற மாணவர். அவர் குழம்பிப்போய்ப் பையைத் துழாவ ஆரம்பித்தார்.

"எத்தன வருஷமா இந்த வேல?" என்றார் மாப்பிள்ளை.

"பதினொண்ணு."

"புடிச்சிருக்கா?"

அக்கா ஓடுபாதையைப் பார்த்தார். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்பதற்கு, அவர் என்ன வேலை பார்க்கிறார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

"புடிச்சிருக்கு" என்றார். பொய் சொல்லக் கூடாது என்பது விதி.

"இத எழுதினா என்ன பண்ணுவீங்க?"

"ஆபீஸ்ல எனக்குன்னு ஒரு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. உக்காந்ததே இல்ல. உக்காந்து பாக்கறேன்." கையை நீட்டினார். "பேனாவக் குடுங்க மாப்ள."

மாப்பிள்ளை பேனாவின் மூடியைப் போட்டு, அதைத் தன் சட்டைப்பைக்குள் செருகி, பையின் பொத்தானையும் மாட்டிக்கொண்டார். அத்தை கேட்டு அவர் கொடுக்காத முதல் பொருள் அது. பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு விமானத்தின் சக்கரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அக்கா கைப்பையைத் திறந்து இன்னொரு பேனாவை எடுத்தார்.